வீட்டின் பின்புறத்தில் செயற்கைப் புல் விளையாட்டுத் தளம் போடலாமா? எந்தப் புல் நல்லது?

தாராளமாகப் போடலாம். ஆனால் எந்தப் புல் என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அப்படி ஒரு தளம் இருக்கிறது. மண் தோண்டியதிலிருந்து மணல் தூவியது வரை கூடவே நின்று பார்த்தேன். தளம் நன்றாக அமைவதும் கெட்டுப்போவதும் பெரும்பாலும் புல் வந்து இறங்குவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது.

முதலில் பிள்ளைகள் என்ன விளையாடப் போகிறார்கள் என்று தீர்மானியுங்கள். "எல்லாம் ஆடலாம்" என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கால்பந்துக்கான புல் 40 முதல் 60 மில்லிமீட்டர் உயரம் இருக்கும். அதில் டென்னிஸ் பந்து சரியாக எழும்பாது. டென்னிஸுக்கு 12 முதல் 20 மில்லிமீட்டர் வரையுள்ள, அடர்த்தியான, மணல் நிரப்பிய குட்டைப் புல்தான் வேண்டும். கூடைப்பந்துதான் முக்கியம் என்றால் புல்லையே மறந்துவிடுங்கள். பந்தைத் தட்டிக்கொண்டு ஓடச் சிமெண்ட் தரைதான் சரி.

இடத்தையும் அளந்து பாருங்கள். டென்னிஸ் ஆடுகளம் கோடுகளுக்குள் மட்டுமே 23.77 மீட்டர் நீளம், 10.97 மீட்டர் அகலம். சுற்றிலும் ஓட இடம் வேறு வேண்டும். வீடுகளில் அது அநேகமாக நடக்காது. இறகுப்பந்துக்கு 13.4 மீட்டருக்கு 6.1 மீட்டர் போதும். அதில் பந்து தரையில் குதிக்க வேண்டிய அவசியமும் இல்லை. குட்டைப் புல் போட்டால் இறகுப்பந்து, சிறுவர் கால்பந்து, சும்மா ஓடிப் பிடித்து விளையாடுவது எல்லாவற்றுக்கும் ஒத்துவரும். குடும்பத்துக்கு என் தேர்வு அதுதான்.

இனி அடித்தளம். உங்கள் பணத்தையும் கவனத்தையும் இங்கேதான் கொட்ட வேண்டும். மேல்மண்ணையும் வேர்களையும் எடுத்துவிட்டு, மண்ணும் ஜல்லியும் கலக்காதபடி ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்து, அதன்மேல் உடைத்த ஜல்லியை 100 முதல் 150 மில்லிமீட்டர் வரை போட வேண்டும். களிமண் நிலம் என்றால் இன்னும் கூடுதலாக. ஒரே தடவையில் கொட்டி மேலே மட்டும் அதிர்வு இயந்திரத்தை ஓட்டினால் அடிப்பகுதி தளர்வாகவே கிடக்கும். சில மழைக்குப் பிறகு அங்கங்கே குழி விழும். அடுக்கடுக்காகப் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்து, ஒவ்வோர் அடுக்கையும் இறுக்கச் சொல்லுங்கள். கடைசியாக மெல்லிய கல்தூள். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, நூறுக்கு ஒன்று என்ற அளவில் சரிவு இருந்தால் தண்ணீர் வடிந்துவிடும்.

புல் விரிக்கும் முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். குதிகாலை ஊன்றித் திருகிப் பாருங்கள். தடம் பதிந்தால் இன்னும் இறுகவில்லை. பிறகு நீளமான, நேரான அலுமினியச் சட்டத்தைத் தரையில் பல பக்கமாக வைத்து, அடியில் எங்கே வெளிச்சம் தெரிகிறது என்று குனிந்து பாருங்கள். தெரிந்த இடத்தில் கல்தூளைச் சேர்த்து மறுபடி இறுக்க வேண்டும். மேலே விரிக்கும் புல் கம்பளம் மேடுபள்ளத்தை மூடுமே தவிரச் சரிசெய்யாது.

புல் சுருள்கள் ஏறக்குறைய 4 மீட்டர் அகலத்தில் வருவதால் இணைப்பைத் தவிர்க்க முடியாது. எல்லாச் சுருளிலும் இழைகள் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் இரண்டு நிறம்போலத் தெரியும். ஓரத்தைத் தையல் வரிசையை ஒட்டி வெட்டி, அடியில் இணைப்பு நாடா வைத்துப் பசை தடவி, இரு விளிம்பையும் சேர்க்கும்போது இழைகள் பசையில் மாட்டிக்கொள்ளாமல் விரலால் விலக்கிக்கொண்டே போக வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. அந்தக் கட்டத்தில் வேலையாட்களை அவசரப்படுத்தாதீர்கள்.

நிரப்புவதற்கு, கழுவிய, உருண்டை மணிகளுள்ள சிலிக்கா மணல். அதுதான் இழைகளை நிமிர்த்தி நிறுத்துகிறது. தன் எடையால் கம்பளத்தையும் நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. மணலும் புல்லும் நன்றாகக் காய்ந்திருக்கும் நாளில் மெல்லிய படலமாகத் தூவி, ஒவ்வொரு முறையும் துடைப்பத்தால் இழைகளின் சாய்வுக்கு எதிராகத் தேய்க்க வேண்டும். பழைய டயரிலிருந்து வரும் ரப்பர் துகளை வீட்டில் போட நான் சொல்ல மாட்டேன். காலணியிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும், மழைநீரோடு வடிகாலுக்கும் போகிறது. நுண்நெகிழி, அதாவது மிகச் சிறிய பிளாஸ்டிக் துகள்கள், காரணமாக ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அதற்குத் தடை கொண்டுவந்து, 2031 வரை அவகாசம் கொடுத்திருக்கிறது.

சூட்டை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆகையால் நான் சொல்கிறேன். உச்சி வெயிலில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தண்ணீர் தெளித்தால் கொஞ்ச நேரம்தான் தணியும். சின்னப் பிள்ளைகளை வெறுங்காலோடு விடவே கூடாது. வெப்பம் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடி ஜன்னல் பக்கத்தில் இருந்தால், அதிலிருந்து குவிந்து விழும் வெயில் இழைகளை உருக்கிவிடவும் கூடும். தளத்தின் திசையை முடிவு செய்யும்போதே அதைப் பாருங்கள்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள ஆஸ்ட்ரோடோம் என்ற கூரையிட்ட விளையாட்டு அரங்கில், கூரைக் கண்ணாடிகளுக்குச் சாயம் பூசியதால் வெளிச்சம் போதாமல் உள்ளே இருந்த இயற்கைப் புல் செத்துப்போனது. அதனால்தான் 1966இல் அங்கே செயற்கைப் புல் வந்தது. உங்கள் இடத்தில் புல் நன்றாக வளர்கிறது, பிள்ளைகள் எப்போதாவதுதான் ஓடுகிறார்கள் என்றால் இருக்கும் புல்லையே வைத்துக்கொள்ளுங்கள். நிழலாலோ ஓயாத மிதியாலோ மண் வெளியே தெரிகிற இடத்துக்குத்தான் இந்தச் செலவு தகும்.

போடுவதென்று முடிவெடுத்தால், ஜல்லியின் கனம், எத்தனை அடுக்கு, சரிவு, மணலின் வகை, அளவு எல்லாவற்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புல் மூடிய பிறகு அடியில் என்ன போட்டார்கள் என்று காட்ட வேறு வழி கிடையாது.