முட்டையை அடை வைத்தது யார்?

கேள்வி: காரிமங்கலம் பக்கம் எங்கள் வீடு. 9 பெட்டை, 4 சேவல் வளர்க்கிறோம். நான்காம் வகுப்புப் படிக்கும் என் மகன் சேவல்களுக்குப் பெயர் வைத்துக் கொஞ்சுவதால், போன வருடத்திலிருந்து வீட்டில் கோழி அறுப்பதில்லை. இப்போது நாலு சேவலுக்கும் ஒரு வயது. ஓயாத சண்டை. அவை மிதித்து மிதித்து ஒரு பெட்டைக்கு முதுகுத் தோலே கிழிந்துவிட்டது. காலை 4 மணிக்குக் கூவ ஆரம்பித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் திட்டுகிறார்கள். ஆட்டுக்குக் காயடிப்பவர், சேவலுக்கும் செய்து தருவதாகச் சொல்கிறார். செய்யலாமா? போன வாரம் அத்தை வேறு 12 முட்டை அடை வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் எதிலும் தலையிடுவதில்லை.

பதில்: காயடிப்பது இருக்கட்டும். போகிற போக்கில் எழுதிய அந்த 12 முட்டைக்கு வருகிறேன். பொரிகிற குஞ்சில் ஏறக்குறைய பாதி சேவலாகத்தான் இருக்கும். எல்லாம் பொரிந்தால் இன்னும் 6. நாலுக்கே கத்தியைத் தேடுகிற நீங்கள் பத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

நம் பக்கத்து வீடுகளில் பெட்டை அடைக்கு உட்கார்ந்தால் முட்டை வைப்பார்கள். மிஞ்சிய சேவல் முனியப்பனுக்கோ, விருந்தாளி வந்தால் குழம்புக்கோ போகும். இரண்டும் சேர்ந்ததுதான் அந்த வழக்கம். பிள்ளை மனசு நோகக் கூடாதென்று அறுப்பதை விட்டீர்கள், சந்தோஷம். அன்றைக்கே அடை வைப்பதையும் விட்டிருக்க வேண்டாமா? அத்தையிடம் சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை, வீட்டுக்காரர் பெற்ற தாயிடமே பேசமாட்டார். பெரியவர்கள் மூன்று பேர் உட்கார்ந்து பேசாத குறைக்கு ஒரு வாயில்லா ஜீவனின் விலாவைக் கீற வேண்டுமா? இதை நான் ஒப்பவே மாட்டேன்.

கீறுவது என்றுதான் சொல்கிறேன். கிடாய்க்கு விதை வெளியே தொங்குகிறது. சேவலுக்கு அது உடம்புக்குள்ளே, முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. விலா எலும்புகளுக்கு நடுவே திறந்துதான் எடுக்க வேண்டும். பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய். கை தவறினால் சேவல் அந்த இடத்திலேயே செத்துவிடும். கறிக்காக இதைச் செய்கிற நாடுகளிலும் விதை சிறிதாக இருக்கும்போதே, சில வாரக் குஞ்சிலேயே முடித்துவிடுகிறார்கள். அப்போதும் சில சாகும். துணுக்கு மிச்சம் இருந்தாலும் திரும்ப வளர்ந்து, சேவல் பழையபடி கூவும். ஒரு வயதுச் சேவலுக்கு விதை மொச்சைக்கொட்டையைவிடப் பெருத்து, ரத்த ஓட்டமும் கூடியிருக்கும். மயக்க மருந்துகூட இல்லாமல் ஆட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, பையனிடம் என்ன சொல்வீர்கள்?

அடையில் இருக்கும் முட்டையில் உயிர் பிடித்திருக்கும். அதை எறியச் சொல்லமாட்டேன். 21 நாளில் பொரியட்டும். வருகிற குஞ்சுக்கெல்லாம் இனி உங்கள் குடும்பம் பொறுப்பு.

அத்தையிடம் வீட்டுக்காரர்தான் பேச வேண்டும். தலையிடாமல் இருப்பதைப் பெருந்தன்மை என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கலாம். தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் பேச வேண்டிய நேரத்தில் பேசுவது மகனின் கடமை. "அம்மா, அறுக்கறதில்லன்னு ஆயிடுச்சு, இனிமே அடை வைக்க வேண்டாம்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நீங்களும் அத்தையிடம் யோசனை கேளுங்கள். நாற்பது வருடம் கோழி வளர்த்த கைக்கு எந்தச் சேவல் சாது, எது போக்கிரி என்று தெரியும். மருமகள் கேட்கவில்லையே என்ற மனத்தாங்கலில்தான் பல மாமியார்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள்.

8, 10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். அத்தை காட்டுகிற சாதுவான சேவலைப் பெட்டைகளோடு விடுங்கள். மற்ற மூன்றையும் பெட்டை கண்ணில் படாத இடத்தில், வலை அடித்துத் தனியாக அடையுங்கள். பெட்டை இல்லாத இடத்தில் சேவல்கள் பெரும்பாலும் அடங்கிவிடும். வெட்டிக்கொண்டால் தனித்தனிதான். கால் முள்ளின் நுனியை அரத்தால் மழுக்குங்கள், அடியோடு வெட்டாதீர்கள். ராத்திரி பஞ்சாரத்தைச் சாக்கால் மூடி இருட்டாக்குங்கள், காற்றுக்கு மட்டும் வழி விடுங்கள். கூவுவது நிற்காது, கொஞ்சம் தள்ளிப் போகும். பக்கத்து வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை மன்னிப்பும் கேளுங்கள். சேவலைச் சண்டைக்குக் கேட்டு ஆள் வந்தால் வாசலோடு அனுப்புங்கள். அது 1960-ம் வருடத்துப் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

தினமும் முட்டை எடுக்கிற வேலையைப் பையனிடம் கொடுங்கள். பெட்டை மறுபடி அடைக்கு உட்கார்ந்தால், அடியில் கம்பிவலை போட்ட, காற்றோட்டமான கூண்டில் தீனியும் தண்ணீரும் வைத்து சில நாள் விடுங்கள், தெளிந்துவிடும். இன்னும் சந்தேகம் இருந்தால் ஓசூர் மத்திகிரியில் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது, வீட்டுக்காரரையே போய்க் கேட்டு வரச் சொல்லுங்கள்.

முதுகு கிழிந்த பெட்டையை இன்றைக்கே தனியாக வையுங்கள். ரத்தம் கண்டால் மற்ற கோழிகளும் அங்கேயே கொத்தும், ஈ மொய்த்தால் புழு வைத்துவிடும். காயத்தைக் கழுவிக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போங்கள். பையனையும் கூட்டிப் போங்கள்.