சேகோ ஆலைக் கழிவுநீருக்கு மரபணு மாற்றிய பாக்டீரியாப் பொடி வாங்கலாமா?

கேள்வி இது: ஆத்தூர்ப் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலை, தினம் 100 கனமீட்டர் கழிவுநீர், புளித்த நாற்றம். மரபணு மாற்றிய பாக்டீரியாப் பொடியைத் தொட்டியில் தூவினால் சரியாகிவிடும் என்கிறார் விற்பவர். நம்பலாமா?

வாங்காதீர்கள். மரபணு மாற்றிய நுண்ணுயிரை வெளியில் விட மத்திய அரசின் 1989 விதிகளின்படி ஜிஇஏசி (மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு) அனுமதி வேண்டும். பொட்டலத்தில் வருவது ஒன்று சாதாரண பேசில்லஸ் பாக்டீரியா, இல்லையென்றால் அனுமதியில்லாத சரக்கு.

சட்டம் கிடக்கட்டும். பேசில்லஸ் அமைலேஸ் என்னும் நொதியைச் சுரந்து மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். உங்கள் தண்ணீரில் அந்த வேலை யாரும் சொல்லாமலே நடக்கிறது. புளித்த நாற்றமே சாட்சி. அடைத்துக்கொண்டு நிற்பது அடுத்த கட்டம், அதாவது அமிலத்தை மீத்தேனாக்கும் நுண்ணுயிர்கள். அவை மெதுவாகப் பெருகுபவை, பிஎச் 6.5க்குக் கீழே போனால், அதாவது புளிப்பு ஏறினால், படுத்துவிடும். பொடி போட்டால் அமிலம்தான் இன்னும் வேகமாக வரும்.

மூடிய டைஜெஸ்டர், அதாவது காற்றுப் புகாத எரிவாயுத் தொட்டி, கட்டுங்கள். நுண்ணுயிர் விதைக்கு, ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு சேகோ டைஜெஸ்டரின் அடிச்சேறுதான் முதல்தரம். குச்சிக்கிழங்கின் (மரவள்ளி) சயனைடுக்குப் பழகியிருக்கும். கிடைக்காவிட்டால் சாணக் கரைசல், கொள்ளளவில் 10–20 சதவீதம். ஒரு கனமீட்டர் டைஜெஸ்டருக்குத் தினம் அரைக் கிலோ சிஓடி (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன் கணக்கு) என்று ஆரம்பித்து, வாயு நிலையாக வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். அரவை தொடங்கிய முதல் நாளே வால்வை முழுசாகத் திறந்துவிட்டால் அத்தனையும் புளித்துப்போகும்.

பிஎச் மீட்டரை மட்டும் நம்பாதீர்கள், அது தாமதமாகத்தான் சொல்லும். ஆவியாகும் அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தை டைட்ரேஷனில் பாருங்கள். 0.3க்குள் இருந்தால் கவலையில்லை. 0.5ஐத் தாண்டினால் தண்ணீர் விடுவதை நிறுத்தி சோடியம் பைகார்பனேட் போடுங்கள். சுண்ணாம்பு மலிவுதான், ஆனால் குழாயில் கல்லாகப் படியும்.

சிஓடி லிட்டருக்கு 5,000 மில்லிகிராம் என்றால் தினம் 500 கிலோ. சேகோ தண்ணீரில் தழைச்சத்து குறைவு. சிஓடி, தழைச்சத்து, பாஸ்பரஸ் 350:5:1 என்ற கணக்குப்படி அதிகபட்சம் தினம் 7 கிலோ டிஏபி உரம், 13 கிலோ யூரியா. தண்ணீரில் ஏற்கெனவே இருப்பதைச் சோதித்துக் கழித்துக்கொள்ளுங்கள். 80 சதவீதம் சிதைந்தால் ஏறக்குறைய 140 கனமீட்டர் மீத்தேன். வறுக்கும் அடுப்புக்கு விடலாம். கந்தக வாயுவைப் பிடிக்க வழியில் இரும்புத் துருவல் டப்பா ஒன்று வையுங்கள், இல்லாவிட்டால் பர்னர் அரித்துப்போகும்.

மாவு வெளுக்கும் ஹைப்போகுளோரைட் தண்ணீர் மட்டும் உள்ளே போகவே கூடாது, தனிக் கால்வாயில் பிரியுங்கள். கலந்துவிட்டதா என்று தெரிய ஒரு கிளாஸ் கழிவுநீரில் சில சொட்டு பொட்டாசியம் அயோடைடு கரைசல் விடுங்கள். நீலமானால் குளோரின் மிச்சமிருக்கிறது; காட்டிக்கொடுக்க மாவு அதிலேயே இருக்கிறதே.

திப்பியை (மாவு எடுத்தபின் மிஞ்சும் கிழங்குச் சக்கை) எத்தனாலாக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நொதி வேலை செய்யும், கணக்குதான் உதைக்கும். காய்ந்த திப்பியில் பாதிக்கு மேல் மாவுச்சத்து இருந்தாலும் நார் தண்ணீரை உறிஞ்சுவதால் 10–15 சதவீதத்துக்கு மேல் கரைக்க முடியாது. கிடைப்பது 3–5 சதவீதச் சாராயக் கரைசல். வடிக்கவே விறகு தீரும், கலால் உரிமம் வேறு. காயவைத்து மாட்டுத் தீவனத்துக்கே கொடுங்கள். டைஜெஸ்டரிலும் கொட்டாதீர்கள், நார் மிதந்து மேலே ஏடு கட்டி வாயுவை அடைக்கும்.