தண்டனையா, எதிர்மறை வலுவூட்டலா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உளவியல் முதலாண்டுத் தேர்வுக்குப் படிக்கிறேன். வரையறைகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் ஒரு சூழலைக் கொடுத்து ‘இது எவ்வகை?’ என்று கேட்டால், எதிர்மறை வலுவூட்டலையும் தண்டனையையும் மாற்றி எழுதிவிடுகிறேன். ஒரு கற்றல், பாவ்லாவ் சொன்ன வகையா ஸ்கின்னர் சொன்ன வகையா என்பதிலும் இதே தடுமாற்றம். எப்படிப் பிரித்தறிவது?

ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

சூழலைப் படித்ததும் ‘இது நல்லதா கெட்டதா’ என்று பார்க்கப் போவதுதான் சிக்கல். அதைப் பார்க்கவே வேண்டாம். யாருடைய நடத்தை என்று முதலில் அடிக்கோடிடுங்கள். அந்த நடத்தை இனிக் கூடுமா, குறையுமா? கூடினால் வலுவூட்டல், குறைந்தால் தண்டனை. பாதி விடை வந்தாயிற்று. அதன்பிறகே அடுத்த கேள்வி: நடத்தையைத் தொடர்ந்து ஏதாவது வந்து சேர்ந்ததா, இருந்தது விலகியதா? சேர்ந்தால் நேர்மறை, விலகினால் எதிர்மறை.

காரில் சீட் பெல்ட் போடும்வரை பீப் ஒலி கேட்கிறது, போட்டதும் நின்றுவிடுகிறது. பெல்ட் போடும் பழக்கம் கூடுகிறது, ஒலி விலகுகிறது. எதிர்மறை வலுவூட்டல். தம்பியை அடித்த சிறுவனிடமிருந்து செல்போனைப் பிடுங்கி வைத்தால், அடிப்பது குறைகிறது. இங்கும் ஒன்று விலகுகிறதுதான், ஆனால் இது எதிர்மறைத் தண்டனை.

பலரும் சறுக்கும் கேள்வி ஒன்று உண்டு. குழந்தை கடையில் மிட்டாய் கேட்டு அலறுகிறது, அம்மா வாங்கித் தருகிறார், அலறல் ஓய்கிறது. இதற்கு ஒற்றை விடை கிடையாது. அலறியதால் மிட்டாய் கிடைத்தது, அடுத்த முறையும் அலறும்: குழந்தைக்கு நேர்மறை வலுவூட்டல். வாங்கித் தந்ததால் அலறல் ஓய்ந்தது, அடுத்த முறையும் வாங்கித் தருவார்: அம்மாவுக்கு எதிர்மறை வலுவூட்டல். அடிக்கோடு போடச் சொன்னது இதற்காகத்தான். ‘அம்மா மறுக்கத் தொடங்கினால்?’ என்று துணைக்கேள்வி வந்தால், அலறல் முதலில் இன்னும் வலுக்கக்கூடும், பிறகுதான் தேயும் என்று எழுதுங்கள். நடுவே ஒருமுறை இரங்கி வாங்கிக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம்; விட்டுவிட்டுக் கிடைக்கும் வலுவூட்டல் நடத்தையை எளிதில் மறையவிடாது.

பாவ்லாவா ஸ்கின்னரா என்பதற்கு ஒரே சோதனை போதும்: விளைவு நடத்தையைப் பொறுத்து வருகிறதா, இல்லையா? நாய்க்கு எச்சில் ஊறினாலும் ஊறாவிட்டாலும் உணவு வரும், அது பாவ்லாவ். எலி நெம்புகோலை அழுத்தாவிட்டால் உணவு இல்லை, அது ஸ்கின்னர்.

1920-ல் வாட்சனும் ரேய்னரும் வெளியிட்ட குழந்தை ஆல்பர்ட் ஆய்வில், வெள்ளை எலியை இயற்கைத் தூண்டல் என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பவர்கள் உண்டு. தொடக்கத்தில் அக்குழந்தை எலியைக் கண்டு அஞ்சவில்லை. எதையும் கற்காமலே அச்சம் தந்தது, இரும்புத் தண்டில் சுத்தியலால் அடித்த ஓசை. அதுவே இயற்கைத் தூண்டல். அந்த ஓசையோடு சேர்த்துக் காட்டியதால் பின்னர் அச்சம் தரத் தொடங்கிய எலி, ஆக்கநிலையுறுத்தப்பட்ட தூண்டல். இன்னொன்று: ஆல்பர்ட்டின் அச்சத்தைப் பின்னர் போக்கினார்கள் என்று எழுதிவிடாதீர்கள், அப்படி நடக்கவில்லை. முயலைக் கண்டால் வரும் அச்சம் நீங்கியது பீட்டர் என்ற வேறொரு குழந்தைக்கு; அந்த ஆய்வைச் செய்து 1924-ல் வெளியிட்டவர் மேரி கவர் ஜோன்ஸ்.