சுவிசேஷகரைச் சபை எப்படித் தாங்கலாம்? கேள்வி பதில்

சேலத்துச் சபையொன்றில் 22 வருடம் பொருளாளராகக் கணக்கு எழுதியவன் நான். ஊர் ஊராகப் போய் நற்செய்தி சொல்லும் சுவிசேஷகர்களைப் பணத்தால் தாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு, எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி சகோதரர்: எங்கள் சபையில் 40 குடும்பம்தான். ஒரு சுவிசேஷகரைத் தாங்க முடியுமா ஐயா?

குடும்பத்துக்கு மாதம் 300 ரூபாய் என்றால் 12,000 ஆகிறது. ஒரு வீடு நடத்த அது போதாதுதான். பக்கத்துச் சபை ஒன்றைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பவுல் தெசலோனிக்கேயில் இருந்தபோது இரண்டொரு தரம் உதவி அனுப்பியது பிலிப்பி சபை. மக்கெதோனியா சபைகள் கொடிய தரித்திரத்தில் இருந்தும் கொடுத்தவை என்று 2 கொரிந்தியர் 8இல் வாசிக்கிறோம். நம் வீடுகளிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்துத் தனியாகப் போட்ட பாட்டிமார் இருந்தார்கள். மிசோரம் சபைகள் இன்றைக்கும் பிடியரிசியை வைத்து எத்தனையோ மிஷனரிகளைத் தாங்குகின்றன.

ஓமலூர் சகோதரர்: மாதச் சம்பளம் கொடுத்தால் ஊழியர் விசுவாசத்தில் தளர்ந்துவிடுவார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்கிறார்கள். சரிதானா?

அந்தப் பெரியவர்களுக்குப் பென்ஷன் எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள். சுவிசேஷத்தை அறிவிக்கிறவர்களுக்கு அதனாலேயே பிழைப்பு உண்டாக வேண்டும் என்பது கர்த்தருடைய கட்டளை என்று 1 கொரிந்தியர் 9:14 சொல்கிறது. பவுல் கூடாரம் தைத்துப் பிழைத்தாரே என்பார்கள். அது அவராக எடுத்த முடிவு. சபை அதை அவர் தலையில் கட்டவில்லை.

என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். ஒரு மாதம் சம்பளக் கவரை மேஜை டிராயரில் வைத்துவிட்டு மறந்துபோனேன். 9ஆம் தேதி சாயங்காலம் எங்கள் சுவிசேஷகர் வீட்டுக்கு வந்தார். காப்பி குடித்தார், மழையைப் பற்றிப் பேசினார், டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், ஜெபம் பண்ணிவிட்டுக் கிளம்பினார். அவர் வீட்டில் நாலு நாளாக கேஸ் தீர்ந்து விறகு அடுப்பு எரிகிறது என்று அப்புறம்தான் என் மனைவி சொன்னாள். மறுநாளே வங்கிக்குப் போய், மாதா மாதம் 1ஆம் தேதி பணம் தானாக அவர் கணக்குக்குப் போகும்படி எழுதிக்கொடுத்தேன். அதற்குப் பிறகு அவர் காப்பிக்கு வந்தால் காப்பிக்காகத்தான் வருவார்.

ஏற்காடு சகோதரர்: மலைக் கிராமங்களுக்குப் போகிறவருக்குத் தனியாக என்ன தேவைப்படும்?

முதலில் வண்டி. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இறங்குகிறவருக்கு பிரேக் சீக்கிரம் தேயும், டயரும் தேயும். பெட்ரோலுக்குக் கொடுத்துவிட்டு பிரேக்கை மறந்துவிடுகிறோம். ஐப்பசி மழைக்கு நல்ல ரெயின்கோட் ஒன்று, பனிக்கு ஸ்வெட்டர் ஒன்று வாங்கிக் கொடுங்கள். காப்பிப் பழம் பறிக்கிற நவம்பர் முதல் ஜனவரி வரை ஜனங்கள் பகல் முழுக்க எஸ்டேட்டில் இருப்பார்கள். இருட்டின பிறகுதான் பேசமுடியும். பேசிவிட்டு ராத்திரியில் இறங்கச் சொல்வது நியாயமில்லை. மேலேயே ஒரு சின்ன அறை வாடகைக்கு எடுத்துக்கொடுங்கள். முடிந்தால் வாலிபர் ஒருவரைக் கூட அனுப்புங்கள். இயேசு சீஷர்களை இரண்டிரண்டு பேராகத்தானே அனுப்பினார்.

ஆத்தூர் சகோதரி: நோய்நொடி, வயதான காலம் இதற்கெல்லாம்?

பிரதமரின் ஆயுள் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருடம் 436 ரூபாய், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய். இரண்டுக்கும் காப்பீடு தலா 2 லட்சம். ஆயுள் திட்டத்தில் 50 வயதுக்குள் சேர்ந்துவிட வேண்டும். குடும்ப வருமானம் வருடம் 1,20,000க்குள் இருந்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். 40 வயது தாண்டாதவரை அடல் பென்ஷனில் சேர்த்துவிடுங்கள். முதலில் சொன்ன இரண்டு காப்பீடும் ஒரு ஞாயிறு காணிக்கையில் முடிகிற செலவு.

சூரமங்கலம் சகோதரர்: பணம் கொடுக்கிற நாங்கள் எத்தனை பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள் என்று கணக்குக் கேட்கலாமா?

பணத்துக்குக் கணக்குக் கேளுங்கள். ஆத்துமாக்களுக்கு மாத இலக்கு வைக்காதீர்கள். வைத்தால் எண்ணிக்கை வரும், ஆள் வரமாட்டார்கள். லண்டன் மிஷன் என்ற மிஷனரி சங்கம் சேலத்தில் ஊழியம் தொடங்கியது 1827இல். அன்றைக்கு நம் கமிட்டி இருந்திருந்தால் இரண்டாம் வருடமே மூட்டை கட்டச் சொல்லியிருக்கும். பவுலும் பர்னபாவும் அந்தியோகியாவுக்குத் திரும்பியதும் சபையைக் கூட்டி, நடந்ததை எல்லாம் அறிவித்தார்கள். அதுபோல மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவரை ஆராதனையில் பேச விடுங்கள். அஞ்சு நிமிஷம் போதாது, அரைமணி கொடுங்கள்.

அம்மாப்பேட்டை சகோதரி: நான் ஒரு சுவிசேஷகரின் மனைவி. ஜூன் வந்தால் பிள்ளைகளின் ஃபீஸுக்கு யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

நீங்கள் கேட்கவே கூடாதும்மா. பெண்கள் ஐக்கியத்திலிருந்து யாராவது மே மாதமே உங்கள் வீட்டுக்கு வந்து ஃபீஸ், யூனிஃபார்ம், நோட்டு என்று எழுதிக்கொண்டு போயிருக்க வேண்டும். எந்தச் சபை என்று மட்டும் எனக்குச் சொல்லுங்கள். பொருளாளரிடம் நான் பேசிக்கொள்கிறேன்.