கவனிப்பு

கேள்வி: மூன்று சென்ட் மனை வாங்கியிருக்கிறேன். தரைத்தளமும் மாடியுமாக ஒரு வீடு கட்ட ஆசை. மாநகராட்சியில் கட்டட அனுமதி கிடைக்க யாரை, எவ்வளவு கவனிக்க வேண்டும்?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: 'கவனிக்க' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைக் கண்டதும் ஆத்திரம்தான் வந்தது. படுத்த படுக்கையான தாயைக் கவனிக்கிறோம். காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைக் கவனிக்கிறோம். பந்தியில் எந்த இலையில் சோறு தீர்ந்திருக்கிறது என்று கவனிக்கிறோம். இவ்வளவு ஈரமுள்ள சொல்லைக் கொண்டுபோய், மேசைக்கு அடியில் நீட்டும் உறைக்குப் பெயராக வைத்துவிட்டோமே!

'மாமூல்' பற்றி முன்பு இதே பக்கத்தில் எழுதியபோது, சொற்கள் பொருள் மாறுவது மொழியின் இயல்பு என்று ஒரு வாசகர் சண்டைக்கு வந்தார். இன்றும் அவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. மாமூல் என்றால் வழக்கம். வாங்குவதற்கு 'வழக்கம்' என்று பெயர் வைத்த பிறகு யாருக்கு அது குற்றமாகத் தெரியும்? லஞ்சம் என்றே சொல்லுங்கள், நாக்கு கூசட்டும். 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டத்தில் கொடுப்பவருக்கும் 7 ஆண்டு வரை சிறை உண்டு. கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்துவிட்டால் தப்பலாம்.

உங்கள் வீட்டுக்கு அந்த உறையே வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் சுயசான்று முறை நடைமுறையில் இருக்கிறது. 2,500 சதுர அடிக்கு மிகாத மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், ஒரு மாடி வரை வீடு கட்டுகிறவர்கள் ஒற்றைச் சாளர இணையதளத்தில் ஆவணங்களையும் வரைபடத்தையும் ஏற்றிக் கட்டணம் செலுத்தினால் உடனே அனுமதி வந்துவிடும். மூன்று சென்ட் என்பது ஏறக்குறைய 1,300 சதுர அடி. சிக்கல் வந்தால் காகிதத்தில்தான் வரும்: பத்திரத்தில் ஓர் அளவு, பட்டாவில் வேறோர் அளவு, அல்லது பட்டா இன்னும் விற்றவர் பெயரிலேயே இருக்கும். மனைப்பிரிவு அங்கீகாரம் பெறாதது என்றால் முதலில் வரன்முறைப்படுத்த வேண்டும்.

சுயசான்று என்பதில் ஒரு பொறுப்பு இருக்கிறது. விதிப்படி கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போடுகிறவர் நீங்கள்தான்.

எங்கள் பழைய வீட்டுக்கு அடுத்த மனையில் ஒருவர் மாடி எழுப்பினார். பார்வையிட வந்தவர் பையிலிருந்து டேப்பை எடுக்கவே இல்லை. இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். எல்லைக்கோட்டின் மேலேயே சுவர் எழுந்தது. அம்மாவின் சமையலறை ஜன்னலைத் திறந்தால் இரண்டு சாண் தள்ளிப் பூசாத செங்கல். அதன் பிறகு பகல் பதினொரு மணிக்கும் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அம்மா அரிசியில் கல் பொறுக்கினார், கண் மூடும் வரையில். யாரையோ கவனித்தார்கள், அந்த ஜன்னலை ஒருவரும் கவனிக்கவில்லை.

நல்ல கொத்தனார் வேலை செய்யும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தூக்குக்குண்டை இறக்கியதும் பேச்சை நிறுத்திவிடுவார். குண்டு ஆடி ஓயும்வரை கண் நூலிலேயே இருக்கும். நெல்முனை அளவு விலகல் தெரிந்தாலும் வைத்த கல்லைப் பெயர்த்து மறுபடி வைப்பார். கவனிப்பு என்றால் அதுதான்.

அஸ்திவாரம் தோண்டும் முன் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். டேப்பின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்து, வரைபடத்தில் காட்டிய பக்க இடைவெளியை அளந்து, அவர் எதிரிலேயே சுண்ணாம்புக் கோடு போடுங்கள். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதற்கான குழிக்கும் அன்றைக்கே இடம் குறித்துவிடுங்கள். கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த இடத்தில் மோட்டார் சைக்கிள்தான் நிற்கும்.