உப்புக்காற்றில் பெயரும் தூணுக்கு நூலகத்தில் எந்த அலமாரி?

கேள்வி: ராமநாதபுரம் பக்கம் ஒரு கல்லூரியில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன், வீடு தங்கச்சிமடம். எங்கள் வீட்டுத் தூணில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. அதையே புராஜெக்டாக எடுக்கச் சொல்கிறார் கைடு. நூலகத்தில் தேடினால் பாடப்புத்தகம்தான் இருக்கிறது, நெட்டில் தேடினால் கட்டுரைக்குக் காசு கேட்கிறார்கள். பஸ்ஸுக்கு ஓட வேண்டியிருப்பதால் நூலகத்தில் அரைமணி நேரத்துக்கு மேல் உட்காரவும் முடியாது. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சரிம்மா, நூலகக் கணினியில் என்ன தட்டித் தேடினீர்கள் என்று எழுதவில்லை. இருபது வருஷமாகக் கவுண்டருக்கு உள்பக்கம் உட்கார்ந்திருப்பவன், ஊகிக்க முடிகிறது. 'பில்லர் டேமேஜ்' என்று போட்டிருப்பீர்கள், ஒன்றும் வந்திருக்காது. அந்தக் கணினிக்குத் தெரிந்தது புத்தகத்தின் தலைப்பு, ஆசிரியர், பாடப்பொருள் அளவுதான், உள்ளே பத்தாவது அத்தியாயத்தில் என்ன இருக்கிறதென்று அதற்குத் தெரியாது. உள்ளே இருப்பதைச் சொல்வது புத்தகத்தின் கடைசியில் இருக்கும் இன்டெக்ஸ், அதுவும் நம் வீட்டுப் பேச்சில் பேசாது. காரை பெயர்வதற்கு அங்கே பெயர் ஸ்பாலிங். உப்பு உள்ளே இறங்குவது குளோரைடு இன்க்ரெஸ். கம்பிக்கு மேலே இருக்கும் கான்கிரீட்டின் கனம் கவர். இந்த மூன்று வார்த்தையையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். பாடவாரியாகப் புத்தகம் பிரிக்கும் டூவி எண்படி அடுக்கியிருந்தால் 624.18 பக்கம் கான்கிரீட் கட்டமைப்பும், 620.11 பக்கம் பொருட்களின் தன்மையும் அரிப்பும் இருக்கும். இரண்டும் வேறு வேறு ரேக், பெரும்பாலான பிள்ளைகள் முதல் ரேக்கோடு திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் நீங்கள் முதலில் எடுக்க வேண்டியது புத்தகமே இல்லை. ஐ.எஸ். 456:2000 என்று கேளுங்கள், கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூல் அது, ரெஃபரன்ஸ் பகுதியில் இருக்கும். அதில் அட்டவணை 3, கட்டடம் எந்த மாதிரிச் சூழலில் நிற்கிறது என்று பிரிக்கிறது. கடலோரக் காற்றில் நிற்கும் கான்கிரீட் 'சிவியர்', கடல்நீர்த் தெறிப்பு நேராகப் படுவது 'வெரி சிவியர்', அலை ஏறி இறங்கும் இடத்தில் நிற்பது 'எக்ஸ்ட்ரீம்'. அட்டவணை 5-க்குப் போனால் சிவியருக்குக் கம்பி போட்ட கான்கிரீட் குறைந்தது எம் 30 தரம், ஒரு கனமீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், தண்ணீர் சிமென்ட் விகிதம் 0.45-ஐத் தாண்டக்கூடாது. அட்டவணை 16-ல் கவர் 45 மி.மீ.

இப்போது ஸ்கேலை எடுத்துக்கொண்டு வீட்டுத் தூணிடம் போங்கள். பெயர்ந்த இடத்தின் ஓரத்தில், மேல்பூச்சை விட்டுவிட்டு, கான்கிரீட்டின் வெளிமுகத்திலிருந்து முதல் கம்பி வரை அளக்க வேண்டும். 20 மி.மீ. வந்தால், குறையும் அந்த 25 மி.மீ.தான் உங்கள் புராஜெக்ட். நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை கம்பிக்கு ஒரு மெல்லிய கவசம் போட்டு வைத்திருக்கும், குளோரைடு போய் அதை உடைக்கும். இரும்பு துருவானால் முன்னைவிட இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும், இடம் இல்லாததால் காரையைத் தள்ளுகிறது. வீடு 2000-க்கு முன்னால் கட்டியதா என்று அப்பாவிடம் கேளுங்கள். ஆமென்றால், 1978-க்குப் பிறகு கட்டிய வீட்டுக்கு அப்போது இருந்தது அதே ஐ.எஸ். 456-ன் 1978 பதிப்பு, அதையும் கேட்டு வாங்கி ஒப்பிடுங்கள். பழைய பதிப்பைக் கழித்துக்கட்டாமல் வைத்திருக்கும் நூலகர் கிடைத்தால் கும்பிடு போடலாம். நானே ஒருமுறை இடம் போதாதென்று ஒரு அலமாரி பழைய விதிநூல்களைக் கழித்துவிட்டு, மறு வருஷமே ஒரு பேராசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் தளத்தில் பதிவு செய்தால் இந்தியத் தரங்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். திருத்தங்களையும் சேர்த்து எடுங்கள், வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் அதைத்தான் நோண்டுவார்கள்.

அப்புறம் காசு கேட்கும் கட்டுரைகள். உங்கள் கல்லூரி அரசுடையது என்றால், ஜனவரி 1, 2025 முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தில் 30 பதிப்பாளர்களின் சுமார் 13,000 இதழ்களைக் காசில்லாமல் படிக்கலாம். கல்லூரி வளாகத்துக்கு வெளியே திறக்கவில்லை என்றால் நூலகரிடம் லாகின் கேளுங்கள், நீங்களாகக் கேட்காமல் யாரும் தர மாட்டார்கள். தனியார் கல்லூரியா? ஷோத்கங்கா இருக்கிறது, நம் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் அதில் யாருக்கும் திறந்தே கிடக்கின்றன. ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தைப் படியுங்கள், அதுவரை யார் யார் என்ன செய்தார்கள் என்று ஒருவர் மூன்று வருஷம் உட்கார்ந்து தொகுத்துக் கொடுத்திருப்பார்.

தேடும்போது குளோரைடு, கரோஷன் (அரிப்பு) என்பதோடு பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்கள் பக்கத்து ஊர் 'மண்டபம்' பெயரையும் சேர்த்துத் தட்டுங்கள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காரைக்குடியில் 1948-ல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், உலோகத் தகடுகளையும் கான்கிரீட்டையும் கடற்காற்றில் வைத்துப் பார்க்கும் இடங்களில் ஒன்று மண்டபம். உங்கள் வீட்டுத் தூண் குடிக்கிற அதே காற்றுக்கு அளவு எடுத்து வைத்திருக்கிறார்கள், வெளிநாட்டுக் கடற்கரைக் கணக்கு எதற்கு?

ஐ.ஐ.டி. பேராசிரியர்கள் நடத்தும் என்பிடெல் இணையப் பாடங்களைக் கேட்பது இலவசம், சான்றிதழ்த் தேர்வுக்குத்தான் கட்டணம். பல நூலகங்களில் அந்த வீடியோக்களை ஹார்ட் டிஸ்க்கிலேயே வைத்திருப்பார்கள். முதலாண்டில் நடத்தும் நூலக அறிமுக வகுப்பில் தூங்கியிருந்தால் பரவாயில்லை, இப்போது தனியாகப் போய்க் கேட்டாலும் சொல்லித் தருவோம், எங்களுக்கும் அது பிடித்த வேலைதான்.

பஸ் விஷயம். ரெஃபரன்ஸ் புத்தகத்தைப் பகலில் வெளியே விட மாட்டோம், ஆனால் சாயங்காலம் கொடுத்து மறுநாள் காலை முதல் மணி அடிக்கும் முன் வாங்கிக்கொள்ளும் வழக்கம் நிறைய இடத்தில் உண்டு. ஆய்வேடுகளைக் கல்லூரி வைஃபையில் இறக்கிவிட்டால் பாம்பன் தாண்டுவதற்குள் ஒரு அத்தியாயம் முடியும். மதியச் சாப்பாட்டு வேளையில் வாருங்கள், கூட்டமே இருக்காது.

வந்ததும் பழைய புராஜெக்ட் ரிப்போர்ட்கள் அடுக்கியிருக்கும் அலமாரியைப் பாருங்கள். நம் கடற்கரை நூலகங்களில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, முதல் பக்கத்தில் பழுப்பு வளையம் போட்டு, அந்த இடத்தில் தாள் அப்பளம் மாதிரி உடையும். அதை ஒரு படம் எடுத்து உங்கள் ரிப்போர்ட்டின் முன்னுரையில் போடலாம். உங்கள் ரிப்போர்ட்டை மட்டும் நூல் வைத்துத் தைத்துக் கொடுத்துவிடுங்கள்.