பயணக் கேள்வி பதில்: கூச்சி சுரங்கத்துக்குத் தனி வழிகாட்டியோடு ஒரு நாள்

சென்ற இதழில் வியட்நாம் பயணம் பற்றி எழுதியபோது, ஹோ சி மின் நகரத்துக்கு அருகே போர்க்காலத்தில் வியட்நாமியப் போராளிகள் தோண்டி வாழ்ந்த கூச்சி சுரங்கங்களை ஒரே வரியில் கடந்துவிட்டேன். அந்த ஒரு வரிக்குத்தான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஆகவே இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

மார்ச் மாதம் ஹோ சி மின் நகரத்தில் நான்கு நாள் தங்குகிறோம். நான், கணவர், பத்து வயது மகன், 71 வயது மாமனார் என நால்வர். கூச்சிக்குச் சுற்றுலாப் பேருந்தில் போவதைவிடத் தனிக் காரும் வழிகாட்டியும் அமர்த்திக்கொள்வது பல மடங்கு செலவாகிறது. அந்தப் பணத்துக்கு மதிப்பு உண்டா?
- திருச்சி வாசகி

உங்கள் குடும்பத்துக்கு உண்டு என்பேன். கோயிலையோ அருவியையோ பார்க்கப் போனால் யாரும் விளக்காமலே கண்ணுக்கு வேலை இருக்கும். கூச்சியில் அப்படியில்லை. கண்ணுக்குத் தெரிவது மரங்கள், சருகுகள், சில பள்ளங்கள், சில குடிசைகள், அவ்வளவுதான். பார்க்க வேண்டியதெல்லாம் மண்ணுக்கு அடியில் இருப்பதால், அதை எடுத்துச் சொல்பவரின் திறமையைப் பொறுத்தே அந்த இடம் காடாகவோ போர்க்களமாகவோ தோன்றும்.

நான் முதன்முறை போனது முப்பதுக்கும் மேற்பட்டோர் நிறைந்த ஒரு பேருந்தில். வழியில் கைவினைப் பொருள் விற்கும் இடத்தில் முக்கால் மணி நேரம் நிறுத்தினார்கள். சுரங்கப் பகுதியை அடைந்தபோது பத்து மணி வெயில். ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் ஒரு வரிசை நின்றது. வழிகாட்டியின் குரல் பின்வரிசைக்கு எட்டவில்லை. இரண்டாம் முறை நண்பர் குடும்பத்தோடு தனியாகப் போனேன். அந்த வழிகாட்டி ஓரிடத்தில் எங்களை நிறுத்தி, "இங்கே ஒரு வாசல் இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்றார். ஐந்து நிமிடம் தேடியும் எங்களுக்கு அகப்படவில்லை. பிறகு அவர் தம் காலடியிலிருந்த சருகுகளை விலக்கினார். ஏறத்தாழ ஒரு செய்தித்தாளின் பாதியளவே உள்ள மரப்பலகை மூடி தெரிந்தது. அவர் அதைத் தூக்கிப் பிடித்து, இரு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்தி, உள்ளே இறங்கி, மூடியைத் தம் தலைமேல் இழுத்துக்கொண்டார். எங்கள் முன்னால் மறுபடியும் சருகு மட்டுமே கிடந்தது. நண்பரின் மகள் அந்த இடத்தைவிட்டு நகர மறுத்துவிட்டாள். வரிசை பின்னால் நெருக்கிக்கொண்டிருந்தால் அந்த ஐந்து நிமிடம் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "தனிப் பயணம்" என்று விளம்பரம் செய்பவர்களில் சிலர் தருவது தனிக் கார் மட்டுமே. ஆங்கிலம் பேசும் ஓட்டுநர் வேறு, வழிகாட்டி வேறு. வியட்நாமில் வழிகாட்டியாகப் பணிபுரிய அரசு வழங்கும் அட்டை வேண்டும். அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டுதான் வருவார்கள். அட்டை வைத்திருக்கும் வழிகாட்டி உடன் வருவாரா, நுழைவுச் சீட்டும் நெடுஞ்சாலைக் கட்டணமும் சொன்ன தொகையில் அடங்குமா, வழியில் கடைகளில் நிறுத்துவார்களா என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டால் பிறகு மனத்தாங்கல் வராது. தொகையை டோங்கில் சொல்லும்போது மலைக்க வேண்டாம். ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 300 டோங் என்பதால், ஒரு லட்சம் டோங் சில நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும்.

நகரத்திலிருந்து காலை ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள். பயணம் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை பிடிக்கும். சுற்றுலாப் பேருந்துகள் வந்து சேர்வதற்குள் பாதியைப் பார்த்துவிடலாம். மார்ச் வறண்ட காலம். மழைக்குப் பயமில்லை, வெயிலுக்குத்தான் பயப்பட வேண்டும்.

பென் டின், பென் டுவோக் என்று இரண்டு இடங்களைச் சொல்கிறார்கள். எங்கே போவது?
- சேலம் வாசகர்

இரண்டும் ஒரே சுரங்க வலையின் இரு பகுதிகள். பென் டின் நகரத்துக்கு அருகில், சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெரும்பாலான பேருந்துகள் அங்கேதான் போகும். அதனால் கூட்டமும் அங்கேதான். பென் டுவோக் இன்னும் சற்றுத் தள்ளி, சைகோன் ஆற்றை ஒட்டி இருக்கிறது. பரப்பு பெரிது, ஆள் குறைவு. வாசலருகே ஒரு நினைவாலயம் உண்டு. போரில் மாண்ட 44 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதன் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. தனி வண்டியில் போகிறவர்கள் பென் டுவோக்கையே கேளுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் வண்டி பென் டின்னில் போய் நிற்கும். உச்சரிப்பிலும் ஒரு சங்கடம் உண்டு. எழுத்தைப் பார்த்து நாம் "டுவோக்" என்கிறோம். தென் வியட்நாமியர் அதை "யுவொக்" என்பார்கள். ஓட்டுநரிடம் பெயரை எழுதிக் காட்டிவிடுவது நல்லது.

எனக்கு மூட்டுவலி. மூடிய இடத்தில் மூச்சு முட்டுவது போன்ற பயமும் உண்டு. நான் போவதில் பொருள் இருக்கிறதா?
- கோவை வாசகி

தாராளமாகப் போகலாம், சுரங்கத்துக்குள் நுழையாமலே. பார்க்க வேண்டியவற்றில் பெரும்பகுதி தரைக்கு மேலே மரநிழலில்தான் இருக்கிறது: வெட்டித் திறந்து காட்டப்பட்ட பதுங்கு அறைகள், மருத்துவக் கூடம், மூங்கில் முள் பதித்த கண்ணிகள், குண்டு விழுந்த பள்ளங்கள், பென் டின்னில் செயலிழந்து நிற்கும் அமெரிக்க டாங்கி. உள்ளே போகும் பகுதியைச் சுற்றுலாப் பயணிகளுக்காக அகலப்படுத்தியிருக்கிறார்கள். அப்படியும் குனிந்தோ தவழ்ந்தோதான் போக முடியும். வெக்கையாக இருக்கும், விளக்கு மங்கலாக எரியும், முன்னால் போகிறவர் நின்றால் நீங்களும் நிற்க வேண்டும். சிறு சிறு இடைவெளியில் வெளியேறும் வழிகள் உள்ளன. முதல் வழியிலேயே ஏறிவிடலாம், யாரும் ஏளனமாகப் பார்க்க மாட்டார்கள். நானே இரண்டாவது வழியில் ஏறியவன். இதய நோய், ஆஸ்துமா, கடுமையான முதுகுவலி உள்ளவர்கள் இறங்கவே வேண்டாம். உங்களோடு வருபவர்கள் உள்ளே போகும்போது நீங்கள் வழிகாட்டியோடு மேலே உட்கார்ந்து பேசலாம். அதுவும் தனிப் பயணத்தில்தான் வாய்க்கும்.

மண்ணைத் தோண்டி அதற்குள் ஆயிரக்கணக்கானோர் எப்படி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தார்கள்? மண் சரியாதா, தண்ணீர் ஊறாதா, புகை காட்டிக்கொடுக்காதா? அறிவியல் ஆசிரியராக இருந்தவன் என்பதால் கேட்கிறேன்.
- மயிலாடுதுறை வாசகர்

இந்தக் கேள்விகளோடு போகிறவருக்குக் கூச்சி ஒரு பொறியியல் பாடம். முதலில் மண். அங்கே இருப்பது களிமண்ணும் இரும்புச் சத்தும் கலந்த செம்மண். நம் செம்புரைக்கல்லின் இனம். மழைக்காலத்தில் ஈரமாக இருக்கும்போது எளிதில் வெட்டலாம். காய்ந்ததும் சுட்ட செங்கல்போல் இறுகிவிடும். தாங்குமரம் இல்லாமலே சுரங்கம் நின்றதற்கு அதுவே காரணம். காவிரிப் படுகையின் வண்டல் மண்ணில் இதே வேலையைச் செய்திருந்தால் முதல் மழையிலேயே மூடியிருக்கும். தோண்டியதும் பெரும்பாலும் மண்வெட்டியாலும் கூடையாலும்தான். வெட்டிய மண்ணை ஒளிப்பது வெட்டுவதைவிடக் கடினமான வேலை; அதைக் குண்டுப் பள்ளங்களில் கொட்டினார்கள், ஆற்றில் கரைத்தார்கள், வயலில் பரப்பினார்கள்.

1940களின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்த போரின்போது ஊருக்கு ஊர் வெட்டிய பதுங்கு குழிகளே தொடக்கம். 1960களில் அமெரிக்கர்களை எதிர்த்த காலத்தில் அவை ஒன்றோடொன்று இணைந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் நீள வலையாகின. சுமார் மூன்று மீட்டர், ஆறு மீட்டர், எட்டு முதல் பத்து மீட்டர் என மூன்று அடுக்குகள் இருந்தன. ஓர் அடுக்கிலிருந்து மறு அடுக்குக்கு இறங்கும் இடங்களில் பொறிக்கதவுகள். சில இடங்களில் பாதையைக் கீழே வளைத்து, அந்த வளைவில் தண்ணீரைத் தேக்கிவைத்தார்கள். நம் வீட்டுக் கைகழுவும் தொட்டியின் அடிக்குழாய் வளைவில் தேங்கும் நீர் சாக்கடை நாற்றத்தை எப்படித் தடுக்கிறதோ, அப்படியே அந்த நீர் எதிரி உள்ளே செலுத்தும் நச்சுவாயுவைத் தடுத்தது.

புகைக்கு அவர்கள் கண்ட வழிதான் எனக்கு மிகவும் பிடித்தது. அடுப்பின் பெயர் ஹோவாங் காம். பிரெஞ்சுப் போர்க் காலத்தில் அதை உருவாக்கிய ராணுவச் சமையற்காரரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அடுப்பிலிருந்து புகை நேரே மேலே போகாமல், மண்ணுக்குள் நீண்ட கால்வாய்கள் வழியாகச் சென்று, அங்கங்கே தங்கி ஆறி, தொலைவில் ஒரு புதர் அடியில் மெல்லிய படலமாகக் கசியும். அதிகாலையில் சமைத்தால் பனிமூட்டத்தோடு அது கலந்துவிடும். காற்று வருவதற்கான துளைகளைக் கறையான் புற்றுப்போல் மறைத்தார்கள். மோப்ப நாய்கள் வந்தபோது துளைகளுக்கு அருகே மிளகாய்த் தூளைத் தூவியதோடு, அமெரிக்கர்களின் சோப்பையும் பயன்படுத்தி நாய்களைக் குழப்பினார்கள். தங்கள் எஜமானரின் மணத்தை நாய் எப்படிப் பகையென்று குரைக்கும்?

இவ்வளவு சாமர்த்தியமும் வாழ்க்கையைச் சுகமாக்கிவிடவில்லை. மலேரியா, பாம்பு, தேள், உணவுப் பற்றாக்குறை இவற்றோடு பகலெல்லாம் இருட்டில் கிடந்து, இரவில்தான் மேலே வந்தார்கள். 1966 ஜனவரியில் அமெரிக்க, ஆஸ்திரேலியப் படையினர் சுமார் 8,000 பேர் இப்பகுதியைச் சல்லடையாகச் சலித்தார்கள். அதையடுத்து அமெரிக்காவின் 25ஆவது காலாட்படைப் பிரிவு கூச்சியிலேயே முகாம் அமைத்தது. 1967 ஜனவரியில் ஏறத்தாழ 30,000 பேருடன் இன்னொரு பெரிய நடவடிக்கை நடந்தது. ஆற்றுக்கு அக்கரையிலிருந்த பென் சுக் என்ற ஊரையே மக்களை அப்புறப்படுத்தித் தரைமட்டமாக்கினார்கள். சுரங்கத்துக்குள் கைத்துப்பாக்கியும் டார்ச் விளக்குமாக இறங்கிய சிற்றுருவ வீரர்களுக்குச் "சுரங்க எலிகள்" என்று பெயர். பின்னர் வந்த பி-52 விமானங்களின் குண்டுவீச்சு சுரங்கங்களில் பெரும்பகுதியைச் சிதைத்தது. ஆனால் அதற்குள், 1968ஆம் ஆண்டு டெட் எனும் வியட்நாமியப் புத்தாண்டின்போது நடத்திய தாக்குதலில் சைகோனை (இன்றைய ஹோ சி மின் நகரத்தை) நோக்கிச் சென்ற போராளிப் படைகளுக்கு இந்தச் சுரங்கங்கள் புறப்பாட்டுத் தளமாகப் பயன்பட்டுவிட்டன.

அங்கே துப்பாக்கி சுடலாமாமே! மகன் ஆசைப்படுகிறான்.
- ஈரோடு வாசகர்

சுடலாம். தோட்டாக் கணக்கில் பணம் வாங்குகிறார்கள், ஏ.கே-47, எம்-16 இரண்டும் உண்டு. சிறுவர்களுக்கு வேண்டாம் என்பது என் கருத்து. அந்த வெடிச்சத்தம் வளாகத்தின் பெரும்பகுதிக்குக் கேட்கும். தோட்டா செலவழிக்காமலே போரின் ஓசை உங்கள் மகனுக்குக் கிடைத்துவிடும்.

நாங்கள் சுத்த சைவம். நாள் முழுதும் வெளியே இருந்தால் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
- கும்பகோணம் வாசகி

சுரங்கப் பகுதியில் பயணிகளுக்குத் தரும் உணவே உங்களுக்கு ஏற்றதுதான். வேகவைத்த மரவள்ளிக்கிழங்கைச் சூடாகத் தட்டில் வைத்து, பக்கத்தில் வறுத்த வேர்க்கடலை, எள், உப்பு, சர்க்கரை சேர்த்து இடித்த பொடியைத் தருவார்கள், கூடவே தேநீர். சுரங்கவாசிகளை உயிரோடு வைத்திருந்தது இந்தக் கிழங்குதான். நம் ஊர்க் கிழங்கைவிடச் சற்றுப் பசை அதிகம். நாலு துண்டு தின்றால் மதியம்வரை தாங்கும். மதிய உணவுக்கு "ஆன் சாய்" என்று சொல்லுங்கள். சைவ உணவு உண்பதைக் குறிக்கும் சொல் அது. இருந்தாலும் மீன் சாறான "நூக் மாம்" சேர்க்கக் கூடாது என்பதை வழிகாட்டியைக் கொண்டு தனியாகச் சொல்ல வையுங்கள். நகரத்துக்குத் திரும்பியதும், ட்ரூங் டின் தெருவில் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கும் போய்வரலாம். இன்று அங்கே ஊதுபத்தி ஏற்றி வணங்குபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்.

வெற்றி பெற்றவர்கள் சொல்லும் கதையை மட்டும் கேட்டுவிட்டு வருவது சரியா?
- நாகர்கோவில் வாசகர்

நியாயமான கேள்வி. நுழைந்ததும் போடும் கருப்பு வெள்ளைப் படம் போர்க்காலப் பிரசாரம். அமெரிக்கர்களை அதிகம் கொன்றவர்களைப் பெயர் சொல்லிப் பாராட்டும். அதைப் படமாக அல்ல, ஒரு தொல்பொருளாகப் பாருங்கள். சைகோனில் பல குடும்பங்கள் தென் வியட்நாம் அரசின் பக்கம் நின்றவை. வடக்கு வியட்நாமின் படைகள் சைகோனைக் கைப்பற்றிய 1975 ஏப்ரல் 30 ஒரு வீட்டில் விடுதலை நாள், அடுத்த வீட்டில் துக்க நாள். உங்கள் வழிகாட்டியின் தாத்தா எந்தப் பக்கத்தில் இருந்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. வளாகத்துக்குள், மற்றவர் காதுபட அதைக் கேட்காதீர்கள். திரும்பும் வழியில், காருக்குள், "உங்கள் வீட்டில் அந்தக் காலத்தைப் பற்றிப் பேசுவார்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். எங்கள் வழிகாட்டி அதற்குக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தம் பெரியப்பா ஒரு படையிலும் அப்பா மறு படையிலும் இருந்ததைச் சொன்னார். தீபாவளிபோல் ஊரே கூடும் டெட் புத்தாண்டில் இருவரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்களாம்; போரைப் பற்றி மட்டும் பேச்சு வராதாம்.

நாங்கள் ஹோ சி மின் நகரத்துக்குப் போகவில்லை. மத்திய வியட்நாமின் ஹுவே, தா நாங் மட்டும்தான். அந்தப் பக்கத்தில் இதுபோல் ஏதும் உண்டா?
- பெங்களூரு வாசகி

உண்டு, வின் மோக். ஹுவேயிலிருந்து வடக்கே சுமார் 100 கிலோமீட்டர். தனிக் கார் அமர்த்தினால் ஒரு நாளில் போய்வரலாம். கூச்சி போராளிகளின் சுரங்கம் என்றால், வின் மோக் ஒரு மீனவர் கிராமம் குழந்தை குட்டிகளோடு குடியேறிய சுரங்கம். வடக்கு, தெற்கு வியட்நாமுக்கு நடுவே அன்று எல்லையாக இருந்த 17ஆவது அட்சரேகைக்குச் சற்று வடக்கே, குண்டுவீச்சு ஓயாத இடத்தில் இருந்த அந்த மக்கள், 1960களின் நடுவில் கடலோரக் குன்றைக் குடைந்து இறங்கினார்கள். கீழடுக்கு இருபது மீட்டருக்கும் அதிக ஆழம். குடும்பத்துக்கு ஒரு சிறு மாடம், கிணறு, கூட்டம் நடத்த ஓர் அறை, பிரசவ அறை எல்லாம் உண்டு; அந்த இருட்டில் 17 குழந்தைகள் பிறந்திருக்கிறார்கள். கூரை உயரம் கூச்சியைவிட அதிகமாக இருப்பதால் நம்மில் பலர் சற்றே தலைகுனிந்து நடந்தாலே போதும். போகும் வழியில் வடக்கையும் தெற்கையும் பிரித்த பென் ஹாய் ஆற்றின் பாலத்தையும் பாருங்கள். வழுக்காத செருப்பு அணிந்துகொள்ளுங்கள். ஈரமான மண் தரை. சில வாசல்கள் நேரே கடலைப் பார்த்துத் திறக்கும். அதில் ஒன்றின் வழியாக வெளியே வரும்படி வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவையுங்கள்.